நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை... தூசி அலர்ஜி போகுமா?

காலையில் கண் விழித்து, போர்வையை உதறி மடிப்பதற்குள் ஆரம்பித்துவிடும். 'அச்... அச்...' என்று வரிசையாகப் பத்து, பதினைந்து தும்மல். மூக்கிலிருந்து தண்ணீராகக் கொட்டும். கண் அரிக்கும். அண்ணத்தில் குறுகுறுக்கும். குளித்து, சாப்பிட்டு, ஆபீசுக்குக் கிளம்பும் நேரத்தில் கொஞ்சம் அடங்கும். மறுநாள் காலை மறுபடியும் முதலிலிருந்து!

'எனக்கு சைனஸ்' என்று வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். தலைக்குக் குளிக்க மாட்டார்கள். தயிர், வாழைப்பழம், எலுமிச்சம்பழம் எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்திருப்பார்கள். பாவம், வாழைப்பழம் என்ன செய்யும்? இவர்களில் பலருக்குக் குற்றவாளி சாப்பாட்டுத் தட்டில் இல்லை. தலை வைத்துப் படுக்கும் தலையணையில் இருக்கிறான்!

இந்தத் தூசி அலர்ஜிக்கு நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கிற மாத்திரை ஒன்று வெளிநாடுகளில் புழக்கத்துக்கு வந்திருக்கிறது. "அமெரிக்காவுல இருக்கிற என் பொண்ணு சாப்பிடறா டாக்டர். தும்மலே குறைஞ்சு போச்சாம். இங்கே என் பேரனுக்கும் வரவழைச்சுக் கொடுக்கலாமா?" என்று என்னிடமே வந்து கேட்கிறார்கள். சித்த வைத்தியரிடம் இங்கிலீஷ் மருந்தைப் பற்றிக் கேட்கலாமா என்ற தயக்கமும் அவர்களுக்கு உண்டு. தாராளமாகக் கேட்கலாம். எழுதிக் கொடுப்பது என் வேலை அல்ல. அது அலர்ஜி நிபுணரின் வேலை. ஆனால் அந்த மாத்திரை என்ன செய்யும், என்ன செய்யாது, யாருக்கு ஆபத்து என்று விளக்கிச் சொல்லலாம் இல்லையா?

தலையணைக்குள் ஒரு குடித்தனம்

வீட்டுத் தூசியில் வசிக்கும் ஒருவகை உண்ணிதான் வில்லன். ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. வெறும் கண்ணுக்குத் தெரியாது. எட்டுக் கால்கள். கடிக்காது, ரத்தம் உறிஞ்சாது. நம் உடம்பிலிருந்து தினமும் உதிர்கிற தோல் துகள்தான் அதற்குச் சாப்பாடு. தண்ணீர் குடிக்க வாய் திறக்க வேண்டியதில்லை. காற்றில் உள்ள ஈரத்தை உடம்பாலேயே உறிஞ்சிக்கொள்ளும். மெத்தை, தலையணை, சோபா, கம்பளம், குழந்தையின் கரடி பொம்மை என்று வெதுவெதுப்பும் ஈரமும் எங்கே இருக்கிறதோ, அங்கே குடித்தனம்.

'வீட்டுத் தூசி ஆகலே' என்று அந்தக் காலத்திலிருந்தே சொல்லிவந்தார்கள். தூசியில் எது ஆகவில்லை என்று தெளிவானது 1960-களில். நெதர்லாந்தில் லெய்டன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள்தான் இந்த உண்ணியைக் கையும் களவுமாகப் பிடித்தார்கள். வீட்டுத் தூசி உண்ணிகளில் முக்கியமானவை 'டெர்மட்டோஃபாகாய்டஸ்' இனத்தைச் சேர்ந்த இரண்டு வகைகள். அந்தப் பெயருக்கு 'தோலைத் தின்பது' என்று அர்த்தம்.

உண்ணியைவிட அதன் கழிவுதான் அதிகத் தொல்லை. சின்ன உருண்டைகளாக அது போடுகிற கழிவில் ஜீரண நொதிகள் இருக்கின்றன. படுக்கையைத் தட்டும்போது இவை காற்றில் கிளம்பி, மூக்குக்குள் போய், உட்சவ்வில் ஒட்டிக்கொண்டு ஊடுருவும். கொஞ்ச நேரத்தில் மறுபடி தரையில் படிந்துவிடும். படுக்கை மடிக்கும்போது தும்மலும், ஒரு மணி நேரம் கழித்து நிம்மதியும் ஏன் என்று இப்போது புரிகிறதா?

உடம்பின் வீண் சண்டை

இந்த உண்ணித் துகளை எல்லோரும்தான் சுவாசிக்கிறோம். பக்கத்தில் படுத்திருக்கும் கணவர் நிம்மதியாகக் குறட்டை விடுவார். மனைவிக்கு மட்டும் தும்மல். காரணம், அலர்ஜி உள்ளவர்களின் உடம்பு இந்தத் துகளைப் பரம எதிரி என்று தப்பாக எண்ணிக்கொள்கிறது. 'ஐ.ஜி.ஈ.' என்ற எதிர்ப்புப் பொருளைத் தயாரித்து வைத்துக்கொள்கிறது. துகள் உள்ளே வந்ததும் சில செல்கள் வெடித்து 'ஹிஸ்டமின்' என்ற ரசாயனத்தைக் கொட்டுகின்றன. அரிப்பு, தும்மல், நீர், அடைப்பு எல்லாம் அதனால்தான். இதுவே மூச்சுக்குழாயில் நடந்தால் ஆஸ்துமா.

நாம் சாப்பிடுகிற அலர்ஜி மாத்திரை அந்த ஹிஸ்டமினைத் தடுக்கிறது. ஸ்டீராய்டு ஸ்ப்ரே வீக்கத்தைக் குறைக்கிறது. இரண்டும் நல்ல மருந்துகள்தான். ஆனால் மருந்தை நிறுத்தினால், கொஞ்ச நாளில் பழைய கதை. உடம்பின் தப்பான எண்ணம் அப்படியேதான் இருக்கும். அந்த எண்ணத்தையே மாற்ற முடியுமா என்பதுதான் கேள்வி.

முள்ளை முள்ளால்...

முடியும் என்று காட்டியவர் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையைச் சேர்ந்த லியோனார்டு நூன். 1911-ம் வருஷம். புல்லின் மகரந்தத்தால் அலர்ஜி வந்தவர்களுக்கு அதே மகரந்தச் சாற்றை மிகக் கொஞ்சமாக ஊசி போட்டு, அளவைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போனார். உடம்பு பழகிக்கொண்டது. ஆகாத பொருளையே அளவோடு கொடுத்துப் பழக்கும் இந்த வைத்தியம் அன்றிலிருந்து இன்று வரை நடக்கிறது.

ஊசியில் ஒரு சங்கடம் உண்டு. அபூர்வமாகச் சிலருக்கு உடம்பு முழுக்க அலர்ஜி பரவி, ரத்த அழுத்தம் விழுந்து, உயிருக்கே ஆபத்தாகிவிடும். 1957-லிருந்து 26 பேர் இப்படி இறந்திருப்பதாக 1986-ல் பிரிட்டனில் மருந்துப் பாதுகாப்புக் குழு அறிவித்தது. அதிலிருந்து 'வேறு பாதுகாப்பான வழி உண்டா?' என்ற தேடல் தீவிரமானது. அதே 1986-ல் லண்டனில் தூசி உண்ணிச் சாற்றை நாக்குக்கு அடியில் கொடுத்துப் பார்த்த ஆய்வு வெளியாயிற்று. 1998-ல் உலக சுகாதார அமைப்பின் அறிக்கை, நாக்கின் கீழ் கொடுப்பதையும் ஏற்கத்தக்க வழியாகச் சொன்னது.

முதலில் சொட்டு மருந்தாக இருந்தது. பிறகு மாத்திரை வந்தது. டென்மார்க் நாட்டு நிறுவனம் தயாரித்த தூசி உண்ணி மாத்திரைக்கு 2015-ல் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் அனுமதி கிடைத்தது. ஐரோப்பாவில் அதன் பெயர் 'அகாரிசாக்ஸ்'. அமெரிக்காவில் 2017 மார்ச்சில் 'ஓடாக்ட்ரா' என்ற பெயரில் பெரியவர்களுக்கு அனுமதித்தார்கள். 2023-ல் 12 வயது தாண்டியவர்களுக்கும், 2025-ல் 5 வயதிலிருந்தும் கொடுக்கலாம் என்று விரிவாக்கினார்கள்.

'இது ஹோமியோபதி மாதிரியா?' என்று சிலர் கேட்பார்கள். இல்லை. இதில் உண்ணியின் புரதம் அளந்து, நிறுத்து, ஒவ்வொரு மாத்திரையிலும் ஒரே அளவாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது.

சார்பிட்ரேட் மாதிரியா?

நாக்குக்கு அடியில் மாத்திரை என்றதும் நமக்கெல்லாம் நெஞ்சு வலி மாத்திரைதான் ஞாபகத்துக்கு வரும். அது நாக்கின் கீழ் உள்ள ரத்தக் குழாய்கள் வழியாக நேரே ரத்தத்தில் கலந்து நிமிஷத்தில் வேலை செய்யும். தூசி மாத்திரை அப்படியல்ல. இதற்கு ரத்தக் குழாயைவிட, நாக்கின் கீழ் சவ்வில் இருக்கும் காவல்கார செல்கள்தான் முக்கியம்.

நம் வாய் ஒரு விசித்திரமான இடம். தினமும் எத்தனையோ பொருள்கள் உள்ளே வந்து போகின்றன. அத்தனையோடும் சண்டை போட்டால் சாப்பிடவே முடியாது. அதனால் வாய்ச் சவ்வில் உள்ள காவல்காரர்கள் பெரும்பாலும் சமாதானப் பிரியர்கள். அவர்கள் உண்ணியின் புரதத்தை எடுத்துக்கொண்டு போய், கழுத்துப் பகுதியில் உள்ள நிணநீர்க் கணுக்களில் 'இவன் எதிரி இல்லை' என்று அறிமுகம் செய்து வைக்கிறார்கள். நாளாக ஆக, சண்டையை அடக்கும் செல்கள் கூடுகின்றன. 'ஐ.ஜி.ஜி.4' என்ற இன்னொரு எதிர்ப்புப் பொருள் உருவாகி, உண்ணித் துகளை வழியிலேயே மறித்துக்கொள்கிறது.

இந்த அறிமுகப் படலம் ஒரு நாளில் முடியாது. பலன் தெரிய 8 முதல் 14 வாரம் வரை ஆகலாம். தும்மல் வந்த நேரத்தில் மட்டும் ஒன்று போட்டுக்கொள்கிற மாத்திரை இல்லை இது.

எப்படிச் சாப்பிடுவது?

தினமும் ஒன்று. உறைய வைத்து உலர்த்திய லேசான மாத்திரை. ஈரக் கையால் தொட்டால் கையிலேயே கரைந்துபோகும். உலர்ந்த கையால் எடுத்து, உடனே நாக்கின் அடியில் வைக்க வேண்டும். சில விநாடிகளில் கரைந்துவிடும். ஒரு நிமிஷம் எச்சில் விழுங்கக் கூடாது. ஐந்து நிமிஷத்துக்கு தண்ணீர், காபி எதுவும் கூடாது. பிறகு கையைக் கழுவ வேண்டும்.

முதல் மாத்திரையை மட்டும் வீட்டில் போட்டுக்கொள்ளவே கூடாது. டாக்டரின் கண் முன்னால் போட்டுக்கொண்டு, குறைந்தது அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

வாயில் அரிப்பு, தொண்டையில் கரகரப்பு, காதுக்குள் அரிப்பு, உதடு லேசாக வீங்குதல் இவையெல்லாம் முதல் சில வாரங்களில் பலருக்கும் வரும். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். நாள்போக்கில் குறைந்தும் விடும். இதற்குப் பயந்து பாதியில் விட்டவர்கள் உண்டு. ஆனால் மூச்சுத் திணறல், குரல் மாறுதல், தொண்டை அடைப்பது போன்ற உணர்ச்சி, உடம்பு முழுக்கத் தடிப்பு, தலைசுற்றல் வந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அமெரிக்காவில் இந்த மாத்திரையோடு அவசரத்துக்குப் போட்டுக்கொள்ள அட்ரினலின் ஊசியையும் சேர்த்தே எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

பல் பிடுங்கினாலோ, வாய்ப்புண் வந்தாலோ, ஆறும்வரை நிறுத்தி வைக்க வேண்டும். மறுபடி எப்போது ஆரம்பிப்பது என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எத்தனை நாளைக்கு? மருந்தை நிறுத்திய பிறகும் பலன் நீடிக்க வேண்டுமானால் சுமார் மூன்று வருஷம் என்பது நிபுணர்கள் சொல்லும் கணக்கு. ஒரு வருஷம் ஒழுங்காகச் சாப்பிட்டும் துளிகூடப் பலன் தெரியாவிட்டால் அதற்கு மேல் தொடர்வதில் அர்த்தமில்லை.

பலன் எவ்வளவு?

இங்கேதான் நிதானம் வேண்டும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் சொன்ன கணக்கு இது: போலி மாத்திரை சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால், உண்மை மாத்திரை சாப்பிட்டவர்களுக்குத் தொந்தரவும் மற்ற மருந்துகளின் தேவையும் 16 முதல் 18 சதவீதம் குறைந்தது. 'இவ்வளவுதானா!' என்று தோன்றும். ஆனால் அந்த ஆய்வில் இரு தரப்புமே தேவைப்பட்டபோது வழக்கமான அலர்ஜி மருந்துகளையும் எடுத்துக்கொண்டார்கள். அதற்கு மேலே கிடைத்த லாபம் இது. அதுவும் சராசரிதான். சிலருக்கு அதிகம், சிலருக்கு ஒன்றுமே இல்லை.

ஆஸ்துமாக்காரர்கள் 834 பேரிடம் ஐரோப்பாவில் நடந்த ஒரு ஆய்வு 2016-ல் வெளியாயிற்று. ஸ்டீராய்டு இன்ஹேலரைப் படிப்படியாகக் குறைத்தபோது, இந்த மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு ஆஸ்துமா மீண்டும் கிளம்பும் அபாயம் குறைவாக இருந்தது. கவனியுங்கள்... டாக்டர்களின் கண்காணிப்பில் குறைத்தார்கள். தாங்களாகத் தூக்கி எறியவில்லை.

ஆக, 'நிரந்தரமாக வேரோடு போய்விடும்' என்று யாராவது உத்தரவாதம் தந்தால் நம்பாதீர்கள். அது மாத்திரையாக இருந்தாலும் சரி, லேகியமாக இருந்தாலும் சரி!

யாருக்குக் கூடாது?

கட்டுக்கு வராத ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கூடவே கூடாது. ராத்திரி இழுப்பு வந்து எழுந்து உட்காருகிறவர்கள், அடிக்கடி நெபுலைசர் வைக்க ஓடுகிறவர்கள் முதலில் ஆஸ்துமாவை அடக்கிவிட்டுத்தான் இதைப் பற்றி யோசிக்க வேண்டும். முன்பு கடுமையான அலர்ஜி அதிர்ச்சி வந்தவர்கள், உணவுக்குழாயில் 'ஈசினோஃபிலிக்' அழற்சி உள்ளவர்களுக்கும் வேண்டாம். கர்ப்பமாக இருக்கும்போது புதிதாக ஆரம்பிப்பதில்லை.

ரத்த அழுத்தத்துக்கு அட்டினலால் போன்ற 'பீட்டா பிளாக்கர்' மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அவசரத்தில் போடும் அட்ரினலின் ஊசி இவர்களிடம் சரியாக வேலை செய்யாமல் போகலாம். இறால், நண்டு சாப்பிட்டால் உதடு வீங்குகிறவர்களும் சொல்லிவிடுங்கள். இறாலில் உள்ள ஒரு புரதமும் உண்ணியில் உள்ள ஒரு புரதமும் பங்காளிகள்!

நம் ஊர் நிலவரம்

நம் நாட்டில் இந்த வைத்தியம் பெரும்பாலும் ஊசியாகவும், நாக்கின் கீழ் விடும் சொட்டு மருந்தாகவும்தான் நடக்கிறது. கொள்கை ஒன்றுதான். ஆனால் மருந்தின் அளவும் வீரியமும் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். மாத்திரையில் நடந்த ஆய்வைக் காட்டி 'இந்தச் சொட்டு மருந்துக்கும் அதே பலன்' என்று சொல்வது சரியான கணக்கு அல்ல.

இன்னொரு விஷயம். மேற்சொன்ன மாத்திரையில் இருப்பது இரண்டு வகை உண்ணிகளின் புரதம் மட்டுமே. நம்மைப் போன்ற வெப்ப நாடுகளின் வீடுகளில் 'பிளோமியா' என்ற மூன்றாவது உண்ணியும் தாராளமாக உண்டு. அதற்கும் முதல் இரண்டுக்கும் ஒற்றுமை குறைவு. உங்களுக்கு பிளோமியாதான் முக்கிய எதிரி என்றால், மற்ற இரண்டின் மருந்தைச் சாப்பிட்டு என்ன பிரயோஜனம்? கையில் சொட்டு வைத்து லேசாகக் குத்திப் பார்க்கும் ஸ்கின் டெஸ்ட் அதற்குத்தான். டெஸ்ட்டில் தடித்துவிட்டால் மட்டும் போதாது. உங்கள் தொந்தரவும் அதோடு ஒத்துப்போக வேண்டும். டெஸ்ட் பாசிட்டிவ், ஆனால் வாழ்க்கையில் ஒரு தும்மல்கூட இல்லை என்பவருக்கு வைத்தியமே தேவையில்லை.

மகளோ மகனோ சூட்கேஸில் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்று வீட்டிலேயே முதல் மாத்திரையை ஆரம்பிப்பது மகா தப்பு. முதல் மாத்திரைக்கு டாக்டர் எதிரில் இருக்க வேண்டும் என்பது சம்பிரதாயம் இல்லை. உயிர் காக்கும் ஏற்பாடு. தாத்தா பாட்டி பாசத்தில் பேரனுக்குக் கொடுத்துப் பார்க்கிற விஷயமே இல்லை.

சித்த மருத்துவம் என்ன சொல்கிறது?

மூக்கில் நீர் கொட்டும் இந்தத் தொந்தரவை நாங்கள் 'பீனிசம்' என்போம். மூச்சிரைப்பு 'இரைப்பு நோய்'. ஐயம் என்கிற கபம் மிஞ்சுவதை முக்கியக் காரணமாகச் சொல்லிப் படித்தோம். நொச்சி இலை போட்டு வேது பிடித்தால் மூக்கடைப்பு விட்டுக் கொடுக்கும். தூதுவளை ரசம், ஆடாதோடை மணப்பாகு ஆகியவை சளியை இளக்கிச் சுகம் தரும். வெந்நீரில் உப்புக் கலந்து, அதாவது கொதித்து ஆறிய நீரில், மூக்கைக் கழுவுவதும் நல்ல பழக்கம்.

இவையெல்லாம் துணைதான். தூதுவளை ரசம் சாப்பிட ஆரம்பித்தாச்சு, இனி இன்ஹேலர் வேண்டாம் என்று யாராவது நிறுத்தினால் அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆஸ்துமா திடீரென்று முற்றும்போது ஆடாதோடைக்கு நேரம் இருக்காது. அதேபோல, பெயரும் லேபிளும் இல்லாத 'அலர்ஜிப் பொடி' இரண்டே நாளில் சுகம் தந்தால் சந்தேகப்படுங்கள். அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு. சித்த மருந்தின் பெயரைக் கெடுப்பதே இவர்கள்தான்.

இன்னொன்று... குழந்தைக்கு இழுப்பு என்று தெரிந்தும் அறை நிறைய சாம்பிராணிப் புகை போடாதீர்கள். கொசுவர்த்திச் சுருளும் அப்படியே. புகை, வீங்கியிருக்கும் மூச்சுக்குழாயை இன்னும் புண்படுத்தும்.

வீட்டில் செய்ய வேண்டியது

* தலையணை உறை, படுக்கை விரிப்பு, போர்வையை வாரம் ஒருமுறை நல்ல வெந்நீரில் துவையுங்கள். 60 டிகிரி சூடு உண்ணியைக் கொல்லும். அலசும் தண்ணீரில் கழிவும் போய்விடும்.
* மெத்தை, தலையணையை மொட்டை மாடி வெயிலில் நன்றாகக் காயப்போடுங்கள். அலர்ஜி உள்ளவர் தட்டக் கூடாது. வேறு யாராவது வெளியில் வைத்துத் தட்டட்டும்.
* பழைய இலவம்பஞ்சு மெத்தைக்குப் பதில், துடைத்து வெயிலில் உலர்த்தக்கூடிய கோரைப்பாய் எவ்வளவோ மேல்.
* காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே நீடித்தால் உண்ணி பிழைக்காது. ஈரத் துணியைப் படுக்கையறையில் உலர்த்தாதீர்கள். ஜன்னலைத் திறந்து வெயில் உள்ளே வரவிடுங்கள்.
* தரையைப் பெருக்குவதைவிட ஈரத் துணியால் துடைப்பது நல்லது.

உண்ணி புகாத விசேஷ உறைகளும் விற்கிறார்கள். அவற்றை மட்டும் நம்பிப் பணத்தைக் கொட்ட வேண்டாம். பிரிட்டனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வயது வந்த ஆஸ்துமாக்காரர்களிடம் செய்து 2003-ல் வெளியான ஆய்வில், உறை மட்டும் போட்டதால் பலன் தெரியவில்லை. ஆனால் 2017-ல் வெளியான மான்செஸ்டர் ஆய்வில், உண்ணி அலர்ஜி உள்ள ஆஸ்துமாக் குழந்தைகள் அவசர சிகிச்சைக்கு ஆஸ்பத்திரி போவது குறைந்தது. குழந்தைக்கு என்றால் யோசிக்கலாம்.

டாக்டரிடம் கேளுங்கள்

1. என் தொந்தரவுக்கு உண்ணிதான் காரணம் என்பது உறுதியா? எந்த உண்ணி?
2. என் ஆஸ்துமா இப்போது கட்டுக்குள் இருக்கிறதா?
3. மூன்று வருஷத்துக்கு மொத்தம் எவ்வளவு செலவாகும்?
4. முதல் டோஸை எங்கே, யார் முன்னால் எடுத்துக்கொள்வது?
5. ராத்திரியில் திடீரென்று ரியாக்ஷன் வந்தால் என்ன செய்வது, எங்கே போவது?

மூன்றாவது கேள்வியைக் கூச்சப்படாமல் முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஆறு மாசம் சாப்பிட்டுவிட்டு, கட்டுப்படியாகவில்லை என்று நிறுத்தினால் போட்ட பணம் வீண். சாதாரண அலர்ஜி மாத்திரையிலும் ஸ்ப்ரேயிலும் நிம்மதியாக இருப்பவர்கள் இதைத் தேடிப் போக வேண்டிய அவசியமும் இல்லை. அவற்றுக்கு அடங்காமல், தூக்கம் கெட்டு, பள்ளிக்கூடமும் வேலையும் கெட்டுத் தவிக்கிறவர்களுக்குத்தான் இந்த வைத்தியம்.

அப்படித் தவிக்கிறவர் உங்கள் வீட்டில் இருந்தால், நல்ல அலர்ஜி நிபுணரைப் பாருங்கள். ஆரம்பித்தால் பொறுமையாகத் தொடருங்கள். எந்த வைத்தியம் பார்த்தாலும் தலையணையை வெயிலில் போட மட்டும் மறக்காதீர்கள். அதற்குச் செலவே இல்லை!